நாலு கூட்டிக் கட்டிய எட்டு ராக்கெட்டுகள்

காலை எட்டு மணி இருக்கும். ஜொகூர் பாரு தம்போயில் எங்கள் விளையாட்டுச் சாமான் கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன், போன் அடிக்கிறது. மணிமாறன் சார்.

அவர் ஓர் இடைநிலைப் பள்ளியில் பூப்பந்து ஆசிரியர். எட்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே மூவாருக்குப் போயிருந்தார். மாநிலப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. மதியம் இரண்டு மணிக்கு முதல் ஆட்டம். அந்த எட்டுப் பேரின் ராக்கெட்டுக்கும் நரம்பு கட்டிக் கொடுத்தவள் நான்.

"பிலோ அக்கா, ஒரு ராக்கெட் உடைஞ்சிருச்சு."

"ஆட்டமே இன்னும் தொடங்கலையே சார்?"

"யாரும் தொடவே இல்லக்கா. பேக்குக்குள்ள இருந்தபடியே படார்னு சத்தம். பிள்ளைங்க பயந்துட்டாங்க. திறந்து பாத்தா தலை அப்படியே மடங்கிக் கிடக்கு."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஸ்ட்ரிங் டைட்டா போட்டுட்டீங்களோ?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். "எத்தன வருஷமா கட்டுறோம் சார்? உங்க ஸ்கூல் வாங்குன பிரேம் மட்டமான பிரேம். அது அப்படித்தான் உடையும்."

"சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்" என்று போனை வைத்தார்.

போன வாரம் ஹாக்கி மட்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்த குளுவாங் வாசகர் ஒருவர், "எப்போதும் உங்கள் அப்பாவின் கெட்டிக்காரத்தனத்தையே எழுதுகிறீர்கள், நீங்கள் செய்த தப்பு ஒன்றுகூடக் கிடையாதா அம்மணி?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது ஐயா. எழுதவேண்டாம் என்றுதான் இத்தனை வாரம் ஒதுக்கி வைத்திருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன்.

சாரத்தில் சுற்றி வந்த மிஷின்

ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது எங்கள் கடையின் உயிர். பந்து, வலை, காலுறை, கோப்பை எல்லாம் பிறகு வந்தவை. நரம்பை எத்தனை பவுண்டு இழுவையில் கட்டுகிறோம் என்பதுதான் கணக்கு. இழுவை குறைந்தால் இறகுப் பந்து நினைத்த இடத்தில் போய் விழாது. கூடினால் ராக்கெட்டின் சட்டம் தாங்காது.

அப்பா தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அங்கே தொழிலாளர்களின் விளையாட்டு மன்றத்துக்கு அவர்தான் சாமான் பொறுப்பு. நரம்பு அறுந்த ராக்கெட்டை எல்லாம் அப்போது சிங்கப்பூருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். போனது திரும்பி வர மூன்று வாரம் ஆகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனுஷன், ஒரு நாள் தானே போய், கடையை மூடிக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவரிடம் ஒரு பழைய கைப்பிடி மிஷினை வாங்கிவிட்டார்.

அதை ஒரு கைலிச் சாரத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சிங்கப்பூர்ப் பாலம் கடந்து வந்தார். சோதனைச் சாவடியில் அதிகாரி அவிழ்க்கச் சொன்னாராம். அவிழ்த்துக் காட்டி, இன்ன மிஷின் என்று விளக்கியதும், "நல்லதாப் போச்சு, என் ராக்கெட்டும் அறுந்து கிடக்கு" என்று அவர் மலாயில் சொல்லியிருக்கிறார். மறுவாரம் கொண்டுவந்து கொடுத்துக் கட்டிக்கொண்டும் போனார். அவர்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். கூலியை வாங்காமல் விடவில்லை என்று அப்பா ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார்.

முதலில் வீட்டு முன்னறை. பிறகு தம்போயில் இந்தக் கடை. பெயர்ப்பலகையில் 'ஸ்போர்ட்ஸ் சென்டர்' என்று எழுதிவிட்டார். உள்ளே வந்து கோர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்களுக்கெல்லாம் அப்பா ஒரு டப்பா இறகுப் பந்தையாவது விற்காமல் அனுப்பியதில்லை.

அம்மா ஜெர்சியில் நம்பர் தைத்தாள். பதின்மூன்றை மட்டும் தைக்கமாட்டாள். "மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்து அந்த நம்பரத் தொடச் சொல்றியா?" என்பாள். கேட்டவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு பதினாலு வரும் அணி என்றால், அது எங்கள் கடையில் தைத்த அணி என்று இந்த வட்டாரத்து நடுவர்களுக்கே தெரியும்.

இந்த வருஷம் ரெண்டு

அந்தக் கைப்பிடி மிஷினுக்குள் ஒரு ஸ்பிரிங். கைப்பிடியைச் சுற்றினால் நரம்பை இழுக்கும். வேண்டிய பவுண்டு வந்ததும் 'டக்' என்று நின்றுவிடும். ஆனால் ஸ்பிரிங்குக்கும் வயதாகும் அல்லவா? சில வருடங்களில் அது தளர்ந்தது. இருபத்து நாலில் வைத்தால் உண்மையில் இருபத்து மூன்றுதான் இழுத்தது.

அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று விற்ற கிழவரே சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா அதைத் தொடவிடவில்லை. "அதத் தொட்டா அப்புறம் எது சரி, எது தப்புன்னே தெரியாமப் போயிடும். கோளாறு எவ்வளவுன்னு தெரிஞ்சாப் போதும். கூட்டிக்கலாம்" என்றார்.

இப்படி ஒரு நியாயம்! ஆனால் எங்கள் குடும்பமே அப்படித்தான். என் தம்பி சேவியர் ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் அம்மா எட்டு மணிக்குத்தான் சோறு வைப்பாள். அவனைத் திருத்த யாரும் முயன்றதில்லை.

ஆக, வருடத்துக்கு ஒரு நாள் அளந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். புத்தாண்டுப் பூசை முடிந்து வந்ததும், நல்ல உடுப்பைக்கூட மாற்றாமல் எல்லாரும் நேரே கடைக்குப் போவோம். மீன் கடையில் தொங்கவிட்டு நிறுப்பார்களே, பவுண்டு போட்ட பழைய ஸ்பிரிங் தராசு, அதை அப்பா மிஷினின் பிடியில் மாட்டிச் சுற்றுவார். முள்ளைக் குனிந்து பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "இந்த வருஷம் ரெண்டு" என்று அறிவிப்பார். அன்றிலிருந்து அடுத்த புத்தாண்டு வரை, மிஷினில் யார் உட்கார்ந்தாலும் கேட்ட பவுண்டோடு இரண்டைக் கூட்டி வைக்கவேண்டும். அதன் பிறகுதான் கேக்.

எங்கள் கடை வரலாற்றையே அந்த எண்ணில் சொல்லிவிடலாம். நான் பள்ளி முடித்தபோது ஒன்று. எனக்குக் கல்யாணம் ஆனபோது இரண்டு. மால் திறந்து, பெரிய கடைக்காரன் வந்து எங்கள் கூட்டத்தில் பாதியை அள்ளிக்கொண்டு போனபோது மூன்று. அப்பா போன பிறகு அம்மா தராசைக் கையில் எடுத்தாள். கடைசியாக அளந்தபோது, "நாலு" என்றாள்.

யாரும் எழுதி வைத்ததில்லை. வாடிக்கையாளர் சீட்டில் இருபத்து நாலு என்றிருந்தால் என் கை தானாக இருபத்து எட்டுக்குப் போகும். கண் சீட்டைப் பார்க்கும்போதே கை கூட்டிவிடும். ஜெபமாலை மணியை எண்ணிக்கொண்டா உருட்டுகிறோம்?

சேவியர் வாங்கி வந்த மிஷின்

சேவியர் தினமும் பாலம் கடந்து போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே கடைகளில் மின்சார மிஷினில் கட்டுவதைப் பார்த்துவிட்டு, இந்த வருட நடுவில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். பொத்தானை அழுத்தி எண்ணை வைத்தால் சரியாக அவ்வளவுதான் இழுக்கும். ஒரு முறை வைத்தால் போதும், நாமாக மாற்றும்வரை அந்த எண் அப்படியே இருக்கும்.

பழையதை மூலையில் தள்ளியதில் எனக்கு எரிச்சல். முதல் வாரம் அதன் பக்கமே போகவில்லை. ராத்திரி வேலையிலிருந்து வந்து அவனேதான் கட்டினான்.

"அக்கா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. இதுல கூட்டக் கூடாது" என்றான்.

"யாருக்குச் சொல்ற? நீ டயப்பர்ல இருந்தப்பவே நான் நரம்பு கட்டுனவ."

"சரி லா, சொல்லி வச்சேன்."

அடுத்த வாரம்தான் மணிமாறன் சார் எட்டு ராக்கெட்டைக் கொண்டு வந்தார். ஏழு பள்ளிக்குச் சொந்தம். ஒன்று, முதல் ஒற்றையர் ஆடும் தர்ஷினிக்குச் சொந்தம். அவள் அப்பா சிங்கப்பூர் தொழிற்சாலை வேலைக்கு விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கிறவர். மகளுக்கு என்று தேடித் தேடி வாங்கியது. கறுப்பில் ஆரஞ்சுக் கோடு. எட்டிலும் சட்டத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: அதிகபட்சம் இருபத்து நாலு பவுண்டு. சார் கேட்டதும் இருபத்து நாலுதான்.

சேவியர் வேலைக்குப் போயிருந்தான். நான் மிஷினின் முன்னால் உட்கார்ந்தேன். சீட்டைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். எட்டையும் கட்டி முடித்தேன்.

உள்ளங்கையில் தட்டிப் பார்த்தபோது நரம்பு கணீர் என்று பேசியது. அப்படி ஒரு சத்தத்தைப் பழைய மிஷினில் நான் கேட்டதே இல்லை. அன்று மாலை சேவியரிடம், "பரவால்லடா, உன் மிஷின் நல்லாத்தான் கட்டுது" என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

பத்து நிமிடம்

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். போனை வைத்துவிட்டு மிஷினைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எட்டுக்குப் பிறகு வேறு எதுவும் கட்டவில்லை; பச்சை எழுத்தில் கடைசியாக வைத்த எண் வந்து நின்றது.

இருபத்து எட்டு.

மாதாவே! உட்கார்ந்துவிட்டேன். நாலு பவுண்டு கூடுதலாக இழுத்த நரம்பு எட்டு சட்டத்தையும் நெரித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று உடைந்துவிட்டது. மற்றவையும் எப்போது வேண்டுமானாலும் உடையும். உடனே நரம்பை வெட்டிவிட்டால் சட்டம் பிழைக்கும். ஆனால் வெட்டச் சொல்ல வேண்டுமானால், ஏன் என்று சொல்லவேண்டும்.

சொல்லவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். மால் வந்தபோதும், எல்லாரும் போனிலேயே பொருள் வாங்கத் தொடங்கிய பிறகும், "நாங்க பிலோ அக்கா கிட்டதான் கட்டுவோம்" என்று நின்றவர் மணிமாறன் சார். அவரைப் பார்த்துத்தான் இன்னும் ஐந்தாறு பள்ளிகள் எங்களிடம் வந்தன. ஒரு வேளை மற்ற ஏழும் தாங்கிவிடலாம். இன்று ஒரு நாள் தாங்கினால் போதும், திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக் கட்டிக் கொடுத்துவிடலாம். இப்படியெல்லாம் ஓடியது புத்தி. வெட்கமாக இருக்கிறது எழுத.

அம்மா கையில் காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள்.

"இது என்ன நம்பரு?"

சொன்னேன். சாரிடம் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"பிரேம் மட்டமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போன எடுடீ."

"அம்மா, கடைப் பேரு..."

"பேரு இருக்கட்டும். பிள்ளைங்க இன்னைக்கு எத வச்சு ஆடும்? எடு."

எடுத்தேன். முதல் மணியிலேயே சார் எடுத்துவிட்டார். "அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இப்பதான் இன்னொண்ணு போச்சு. தர்ஷினியோடது."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் நிற்குமாம். என் புளுகு பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் ராக்கெட் போய்விட்டது.

"சார், கத்திரி இருக்கா? மிச்சம் ஆறையும் இப்பவே வெட்டுங்க. நடுவுல ஆரம்பிச்சு சிலுவை மாதிரி வெட்டுங்க, ஓரத்துல தொடாதீங்க. நான்தான் தப்பாக் கட்டிட்டேன். இருபத்து எட்டு வச்சிட்டேன். பிரேம் மேல ஒரு குத்தமும் இல்ல."

கத்திரி கொண்டுவரச் சொல்லி யாரிடமோ குரல் கொடுத்தார். பிறகு, "அப்ப முன்னாடி ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றார்.

"ரெண்டு மணிக்குள்ள நான் அங்க இருப்பேன். மிஷினோட வர்றேன்" என்றேன்.

"அலமாக்! அங்கிருந்து இங்க எவ்வளவு தூரம்க்கா..."

"வர்றேன் சார். நீங்க முதல்ல வெட்டுங்க."

சேவியர் ஓட்டிய வேன்

அன்று சனிக்கிழமை, சேவியருக்கு லீவு. தூக்கத்திலிருந்து எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாகத் தூக்கி வேனில் ஏற்றினோம். அம்மா அதைப் பழைய ஜெர்சிகளால் சுற்றி அணைகொடுத்தாள். கடையில் இருந்ததில் நல்ல புதுச் சட்டங்கள் இரண்டை எடுத்துக்கொண்டேன். நரம்புச் சுருள், கத்திரி, இடுக்கி, மின்சார நீட்டு வயர். அந்த வயரை மறந்திருந்தால் அங்கே போய் முழித்திருப்போம். ஞாபகப்படுத்தியது அம்மாதான்.

வழியெல்லாம் அவன் பேசாமல் ஓட்டியது எனக்குத் தாங்கவில்லை. "ஏன்டா இப்படி மாட்டு வண்டி ஓட்டுற?" என்று கத்தினேன்.

"நூத்துப் பத்துல போறேன் அக்கா."

"அந்த லாரியத் தாண்டு."

"தாண்டுறேன். நீ கொஞ்சம் மூச்சு விடு லா."

யோங் பெங் தாண்டியதும் மெதுவாகக் கேட்டான். "நான் அன்னைக்கே மிஷின் மேல எழுதி ஒட்டியிருக்கணும், இல்ல?"

"உன் மேல போட்டுக்காத. நீ சொன்ன. நான்தான் வாயடிச்சேன்."

பாகோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மூவார் சாலையைப் பிடித்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பசித்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவனும் கேட்கவில்லை.

மண்டப வாசலில்

மண்டபத்தின் பக்கவாட்டில், பள்ளிகள் உட்காரும் இடத்தில் சார் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் ஆறு ராக்கெட்டுகள், நடுவில் வெட்டிய நரம்பு தொங்க வரிசையாகக் கிடந்தன. உடைந்த இரண்டும் தனியாக.

எட்டுப் பிள்ளைகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் வேறு பள்ளி ஆசிரியர்கள். அவர்களில் மூன்று பேர் என் வாடிக்கையாளர்கள். பார்த்துச் சிரித்தார்கள்கூட. நான் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்களா, தப்பு என்னுது" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "உங்க ஸ்கூல் மேலயும் இல்ல, பிரேம் மேலயும் இல்ல. நான் அளவு கூடக் கட்டிட்டேன். சார் போன் பண்ணப்ப அத மறைக்கவும் பாத்தேன். மன்னிச்சிடுங்க. எல்லாத்தையும் இப்ப கட்டித் தரேன்."

வாடிக்கையாளர் மூன்று பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

சேவியர் வயரை இழுத்து வந்து பொருத்தினான். எண்ணை நான் வைக்கவில்லை, அவனை வைக்கச் சொன்னேன். இருபத்து நாலு. உட்கார்ந்தேன். கடையில் ஒரு ராக்கெட்டுக்கு அரை மணி நேரம் எடுக்கும் வேலையை இருபது நிமிடத்தில் முடித்தேன். விரல் நுனி கிழிந்து நரம்பில் ரத்தம் பட்டது. துடைத்துவிட்டுக் கட்டினேன். சேவியர் நரம்பை அளந்து வெட்டிக் கொடுக்க, அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். யாரோ ஒரு பிள்ளை என் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டுப் போனது. குடிக்க நேரம் இல்லை.

நடுவில் தர்ஷினியை அழைத்தேன். உயரமான பிள்ளை. முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அழுத கண், ஆனால் முகம் கல்.

"உனக்கு இந்தப் புது பிரேம்ல கட்டித் தரட்டுமா கண்ணு?"

"வேணாம் ஆன்ட்டி. நீங்க கட்டுனது வேணாம்."

"தர்ஷினி!" என்றார் சார்.

"விடுங்க சார்" என்றேன்.

அவள் வேறு பள்ளித் தோழி ஒருத்தியிடம் கேட்டு வாங்கிய ராக்கெட்டில் ஆடினாள். முதல் செட் வென்றாள். இரண்டாவது தோற்றாள். மூன்றாவதில் இரண்டே புள்ளியில் விட்டாள். நான் ஏழாவது ராக்கெட்டின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் எதிராளியிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நன்றாகவே ஆடினார்கள். ஆனாலும் பள்ளி மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது.

"எதிர்ல ஆடுன பொண்ணு நல்லா ஆடுச்சுக்கா. சொந்த ராக்கெட் இருந்தாலும் கஷ்டம்தான்" என்றார் சார். ஆறுதலுக்குச் சொன்னார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவள் சொந்த ராக்கெட்டில் ஆடித் தோற்றிருந்தால்தான் அதைச் சொல்லமுடியும். அந்த உரிமையை அவளிடமிருந்து எடுத்தவள் நான்.

கறுப்பில் ஆரஞ்சுக் கோடு

பள்ளியின் உடைந்த சட்டத்துக்குப் புதுச் சட்டம் கொடுத்தாகிவிட்டது. தர்ஷினியின் ராக்கெட் அப்படி இல்லை. அந்த வகை இப்போது வருவதில்லை என்றார்கள். ஜொகூர் பாருவில் எனக்குத் தெரிந்த கடை அத்தனையிலும் கேட்டேன். எங்களோடு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத கடைக்குக்கூடப் போய் நின்றேன். "என்ன பிலோமினா, நீயே வந்திருக்க?" என்று அந்த மனுஷன் நக்கலடித்ததையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் பத்து பஹாட்டில் ஒரு கடையின் மேல் தட்டில் ஒன்று தூசி படிந்து இருந்தது. அதே கறுப்பு, அதே ஆரஞ்சுக் கோடு.

தெப்ராவில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அப்பா கதவைத் திறந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், சீருடை மாற்றவில்லை. நான் யார் என்று சொன்னதும் வாசலை விட்டு நகராமல் நின்றார். பிறகு, "உள்ள வாங்க. வேணுமா வேணாமான்னு அவதான் சொல்லணும்" என்றார்.

தர்ஷினி ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கட்டாமக் குடுங்க. நான் வேற கடையில கட்டிக்கிறேன்" என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தேன். வேனில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனேன். அந்த மாதம் இரண்டு பள்ளிகள் எங்களை விட்டுப் போயின. மணிமாறன் சார் போகவில்லை. ஆனால் முன்போல நின்று டீ குடித்துப் பேசுவதில்லை. கொடுப்பார், வாங்குவார், போவார். நான் கடையை ஒரு நாள்கூட மூடவில்லை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும்கூட, நடந்ததை நடந்தபடி சொன்னேன். சேவியர்கூட, "போதும் லா அக்கா, ஐஸ் விக்க வர்றவன்கிட்டயுமா?" என்றான். போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று சனிக்கிழமை கழித்து ஒரு காலை, கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அப்பா வண்டியிலேயே இருக்க, தர்ஷினி மட்டும் உள்ளே வந்தாள். தோளில் பை. பையில் அதே ராக்கெட், இன்னும் நரம்பு கட்டாமல்.

"வேற கடையில கட்டலையா?"

"கேட்டேன். இருபத்து நாலுன்னா இருபத்து நாலுதானான்னு கேட்டேன். அந்த அங்கிள் சிரிச்சாரு." என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ஆனா போன்ல முதல்ல பொய் சொன்னீங்க."

"ஆமா."

"ஏன் ஆன்ட்டி?"

"பயம். கடைப் பேரு போயிடும்னு."

"இப்ப போகலையா?"

"போச்சு."

மிஷின் இருந்த பக்கம் திரும்பினாள். மிஷின் சுவரோரம், எண் எங்கள் பக்கம் தெரிகிற மாதிரி இருந்தது. எல்லாக் கடையிலும் அப்படித்தான் வைப்பார்கள். கட்டுகிறவர் பார்க்கவேண்டியதுதானே.

"அத இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள்.

அம்மா தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நான் மிஷினின் வயரைக் கழற்றி, மேசையோடு இழுத்துத் திருப்பினேன். தர்ஷினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். எண்ணை அவளே வைத்தாள்.

ஒவ்வொரு நரம்பையும் நான் இழுக்க, மிஷின் நிற்கும்போதெல்லாம் அவள் வாய்விட்டுப் படித்தாள். "இருபத்து நாலு." அடுத்தது. "இருபத்து நாலு." நீளவாக்கில் முடித்து, குறுக்கில் தொடங்கினேன். குரல் சலிக்கவில்லை அவளுக்கு. எனக்குக் கண் மறைத்தது. தலையைத் தூக்காமல் கட்டினேன். வாசலில் அவள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி முடிச்சைப் போட்டுக் கொடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு முறை தட்டினாள். காதோரம் வைத்துக் கேட்டாள். பைக்குள் வைத்து இழுத்து மூடினாள்.

"அடுத்த சனிக்கிழமை என் பிரண்டோடதையும் கொண்டு வர்றேன். மிஷினத் திருப்பி வச்சிடாதீங்க."

வைக்கவில்லை. இன்றும் அது வருகிறவர்களைப் பார்த்துத்தான் நிற்கிறது. எண்ணைப் பார்க்க நான்தான் ஒவ்வொரு இழுப்புக்கும் எட்டி எட்டிக் குனியவேண்டியிருக்கிறது. கழுத்து பயங்கரமாக வலிக்கிறது.